உடலின் ஞாபகம்

மைசூர் அரண்மனையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், அக்ரஹாரம் என்றே பெயர் வழங்கும் பேட்டை ஒன்று இருக்கிறது. அந்தப் பெயரைத் தாங்கிய எந்த ஊரிலும், எந்தத் தெருவிலும், ஒரு காலத்தில் இருவகை வித்தைகள் அருகருகே வாழ்ந்துவந்தன என்பதை எண்ணிப் பார்க்கும்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது. ஒரு திண்ணையில் வேதம் ஓதும் பிள்ளை, பதம், கிரமம், ஜடை, கனம் என்று அதே சொற்களை முன்னும் பின்னுமாகப் புரட்டிப் புரட்டிச் சொல்லி, ஒரு ஸ்வரமும் பிறழாமல் குருவின் வாயிலிருந்து தன் வாய்க்கு மாற்றிக்கொள்ளப் பாடுபடுவான். மாறுதல் நேர்ந்தால் அது அபசாரம். அன்று மாலையே, அதே தெருக்கோடியில் பந்தலிட்டு நடக்கும் கதாகாலக்ஷேபத்தில், பாகவதர் ஒருவர் ராமாயணத்தின் ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டு, சுலோகத்தைச் சொல்லி, அதற்கு ஒரு கீர்த்தனையைச் சேர்த்து, உள்ளூர்ச் சங்கதி ஒன்றையும் உபகதையாக்கி நுழைத்து, வால்மீகி சொல்லாத நூறு விஷயங்களை வால்மீகியின் பெயராலேயே சொல்லி முடிப்பார். மாறுதல் இல்லாவிட்டால் அது ரஸமில்லாத காலக்ஷேபம். எழுத்துப் பிசகாமல் பிரதி செய்வதும், எடுத்த பொருளைத் தன்னதாக்கி வேறொன்றாகச் சொல்வதும் ஆகிய இவ்விரண்டு தர்மங்களும் ஒன்றையொன்று பழிக்காமல் ஒரே தெருவில் வாழ முடிந்ததற்குக் காரணம், எந்த இடத்தில் எது பொருந்தும் என்று அந்த ஜனங்கள் தெளிந்திருந்ததே என்று நினைக்கிறேன்.

அந்தத் தெளிவு நவீன நாடகத்தில் அடிக்கடி குழம்பிவிடுகிறது. நாவல் நாடகமாகிறது, நாடகம் சினிமாவாகிறது, கிராமத்துக் கூத்தின் கிரீடமும் திரையும் நகரத்து மேடைக்கு வருகின்றன, ஓவியம் காட்சியாகிறது. இவற்றில் எது நகல், எது தழுவல் என்ற கேள்விக்கு, பரிசோதனை நாடகத்துக்கென்றே ஒரு வீட்டைக் கட்டிக்கொடுத்த மைசூரில் நின்று விடை தேடுவது பொருத்தமாகவே இருக்கும்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். ‘அசல்’, ‘நகல்’ என்ற ஜோடி அரபு மொழியில் தோன்றி, உருது வழியாகக் கச்சேரிக் காகிதங்களில் ஏறி, நம் பத்திரப்பதிவு ஆபீஸுக்கு வந்து சேர்ந்தது. வடநாட்டில் அதே வேரிலிருந்து பிறந்த ‘நக்கால்’ என்ற சொல், பிறரைப் போல நடித்துக் காட்டிச் சிரிக்கவைக்கும் கலைஞர்களைக் குறிக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. ஆகவே பிரதியெடுத்தலும் நடித்தலும் அங்கே ஒரே சொல்லின் இரு கிளைகள். ‘தழுவல்’ என்பதோ முழுக்க நம்முடைய சொல். தழுவுவதற்கு இரண்டு உடல்கள் வேண்டும். இரண்டும் தத்தம் சூட்டை இழக்காமல் இருக்கவும் வேண்டும். தொல்காப்பியத்தின் மரபியல், முதல்நூலிலிருந்து வழிநூல் பிறக்கும் வகைகளை நான்காகச் சொல்கிறது: விரிந்ததைச் சுருக்குவது, சுருங்கியதை விரிப்பது, இரண்டையும் கலந்து செய்வது, வேற்றுமொழிப் பொருளை நம் நெறிக்கேற்ப ஆக்குவது. ஆனால் இந்நான்கும் நூலிலிருந்து நூலுக்குப் போகும் வழிகள். ஒரு கலையிலிருந்து இன்னொரு கலைக்கு, படிப்பதிலிருந்து பார்ப்பதற்கு, தாண்டும் ஐந்தாவது வழி ஒன்று இருக்கிறது. அதை நாடக சாஸ்திரக்காரர்கள் வேறொரு வாசலில் நின்று விவாதித்திருக்கிறார்கள்.

பரதரின் நாட்டிய சாஸ்திரத்துக்கு உரை கண்டவர்களுள் ஸ்ரீ சங்குகர் என்பவர், நடன் ராமனை அநுகரிக்கிறான், அதாவது பாவனையால் நகல் செய்கிறான் என்றார். சுவரில் எழுதிய குதிரையைப் பார்க்கிறவன் அதை நிஜக்குதிரை என்று நம்புவதில்லை; பொய் என்று தள்ளுவதுமில்லை; குதிரையோ அல்லவோ என்று சந்தேகிப்பதுமில்லை; ‘இது குதிரை’ என்றே சொல்கிறான். நடனை ராமன் என்று அறிவதும் அவ்வகை அறிவே என்பது அவர் வாதம். இதற்குச் சித்திரதுரக நியாயம் என்று பெயர். அபிநவகுப்தரின் ஆசானாகிய பட்ட தௌதர் இதை மறுத்து எழுப்பிய வினா, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் கூர் மழுங்காமல் இருக்கிறது: நகல் செய்கிறவன் அசலைக் கண்டிருக்கவேண்டும் அல்லவா? ராமனைக் கண்டவர் யார்? அசலைக் காணாத நடனும், அசலைக் காணாத பிரேக்ஷகனும் சேர்ந்து ஒன்றை அநுகரணம் என்று எப்படித் தீர்மானிக்கமுடியும்? ஆகவே மேடையில் நிகழ்வது நகல் அன்று, மறுபடி சொல்லுதலாகிய அநுகீர்த்தனமே என்ற முடிவுக்கு அபிநவகுப்தர் வருகிறார். மைசூர் மகாராஜா கல்லூரியில் ஸம்ஸ்கிருதம் போதித்த எம். ஹிரியண்ணா இந்திய அழகியலைப் பற்றி எழுதிய கட்டுரைகள், அவர் மறைவுக்குப் பின், 1954-இல் மைசூரிலேயே நூலாக வெளிவந்தன. ரஸ சித்தாந்தத்தை ஆங்கிலத்தில் படித்தறிய விரும்பியவர்களுக்கு அந்தச் சிறு நூல் நெடுங்காலம் கைவிளக்காக இருந்தது.

ஊரிலே இந்தச் சிந்தனை நடந்துகொண்டிருந்தாலும், மேடையிலே சித்திரக் குதிரையே செல்வாக்கோடு ஓடிற்று. பத்தாம் சாமராஜ உடையார் காலத்தில் அரண்மனை ஆதரவோடு எழுந்த நாடக சபைக்காக, ஆஸ்தான கவி பசவப்ப சாஸ்திரி (1843–1891) காளிதாஸனின் சாகுந்தலத்தைக் கன்னடமாக்கினார். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவையும் ‘சூரசேன சரித்திரம்’ என்று கன்னட வேஷம் போட்டுக் கொண்டுவந்தார். நம் பக்கத்தில் சுந்தரம் பிள்ளை லிட்டன் பிரபுவின் ஒரு கதையை எடுத்து 1891-இல் ‘மனோன்மணீய’மாக்கியதும், பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கியதும் இதே காலத்து முயற்சிகள்தாம். இவை மொழி மாற்றமும் உடை மாற்றமுமே தவிர, கலை மாற்றமல்ல. கலை மாற்றம் வேறிடத்தில் சப்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. மைசூர் அரண்மனைக்காக ரவிவர்மா வரைந்த புராணச் சித்திரங்களை இன்றும் ஜகன்மோகன அரண்மனையில் காணலாம். பாத்திரங்கள் நிற்கும் வரிசையும், திரை விலகியதுபோன்ற பின்னணியும், உணர்ச்சி உச்சத்தில் உறைந்துபோன கைகளும், அக்காலத்து நாடகக் கம்பெனியின் மேடையை அப்படியே நினைவூட்டுகின்றன. மேடை ஓவியத்துக்குப் போயிற்று. அந்த ஓவியங்களின் அச்சுப் பிரதிகள் வீடு வீடாகப் பரவ, அதே உருவங்கள் மறுபடி மேடைத் திரைக்கும் வேஷத்துக்கும் மாதிரியாயின. யார் யாரைப் பார்த்தெழுதினார் என்று பிரித்துச் சொல்லமுடியாத வட்டம் இது. நாடகக் கம்பெனி நடத்திவந்த குப்பி வீரண்ணா 1930-களில் ‘குருக்ஷேத்திரம்’ நாடகத்துக்காக யானையையும் குதிரையையும் மேடையிலேற்றியபோது, எழுதிய குதிரை போதாது, அசல் குதிரையே வேண்டும் என்ற அளவுக்கு அந்த வட்டம் முற்றிவிட்டது.

அதே குப்பி கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்தவர்தான், பிற்காலத்தில் இந்த வட்டத்தை உடைத்த பி. வி. காரந்தர். தென்கன்னடத்தில் பண்ட்வாளத்துக்கு அருகே மஞ்சி என்ற கிராமத்தில் பிறந்த அவரைக் காசிக்கு அனுப்பிப் படிக்கவைத்தவர் வீரண்ணாவே. பிறகு தில்லி தேசிய நாடகப் பள்ளி, அங்கேயே 1977 முதல் 1981 வரை இயக்குநர் பதவி, போபால் ரங்கமண்டல், கடைசியில் 1989-இல் மைசூரில் கர்நாடக அரசு நிறுவிய ‘ரங்காயணம்’ என்று அவர் யாத்திரை போயிற்று. சிறுவயதிற் கேட்ட யக்ஷகானக் கூத்தின் செண்டையும் மத்தளமும், கம்பெனி நாடகத்தின் ஹார்மோனியமும், நாடகப் பள்ளியின் ஐரோப்பியப் பயிற்சியும் ஒரே உடலில் தங்கியிருந்த அந்த மனிதர், இவற்றுள் எதையும் நகல் செய்ய வேண்டிய அவசியமே இல்லாதவராக இருந்தார்.

இந்த இடத்தில் யக்ஷகானத்தைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். அதன் ‘பிரசங்கம்’ எனப்படும் பிரதியில் பாட்டுகள் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். பாகவதர் பாட்டைப் பாடி முடித்ததும், வேஷதாரி அதன் அர்த்தத்தைத் தானே அந்தக் கணத்தில் வசனமாகக் கட்டிப் பேசவேண்டும். நேற்றுப் பேசியதை இன்று பேசவேண்டும் என்ற கட்டாயமில்லை. எதிரில் நிற்பவன் கேட்கும் கேள்வியைப் பொறுத்துக் கிருஷ்ணனின் வாதமே இரவுக்கிரவு மாறும். வேஷமும் ஆட்டமும் இல்லாமல், உட்கார்ந்தபடியே அர்த்தம் பேசும் தாளமத்தளம் என்ற கிளைக்கலையில் இந்தத் திறமையே எல்லாம். அப்படியானால் யக்ஷகானத்தின் ‘அசல்’ எது? பாட்டா, ஆட்டமா, நேற்றைய பேச்சா? அசலே இன்னதென்று நிலைபெறாத ஒரு கலையின் கிரீடத்தையும் நடையையும் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவன், பட்ட தௌதரின் கேள்விக்கு என்ன விடை சொல்வான்?

கோட்டா சிவராம காரந்தர் (1902–1997) இதே கலையை வேறு திசையில் திருப்பினார். முழு இரவு ஆட்டத்தைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கி, பேச்சைக் குறைத்து, வயலினும் சாக்ஸபோனும் சேர்த்து, நாட்டிய நாடகமாக்கினார். சாக்ஸபோனைச் சேர்த்தவரே, வேஷத்திலும் அலங்காரத்திலும் பழைய வர்ணங்கள் சிதையக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தார் என்பது முரண்போலத் தோன்றும். எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்று தமக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தவரின் செயல் அது. அந்தக் கணக்கோடு நான் முழுக்க உடன்படவில்லை. அர்த்தம் பேசுதலை நீக்கியபோது அந்தக் கலையின் மூச்சில் ஒரு பகுதி நின்றுபோயிற்று என்றே கருதுகிறேன். ஆயினும் கணக்கே இல்லாதவர்களைவிட அவர் எவ்வளவோ மேல்.

இந்த விவாதத்தின் நடுவில் வைத்துப் படிக்கவேண்டிய நாடகம் கிரீஷ் கார்னாடின் ‘ஹயவதனன்’ (1971). தமிழர் அதை அயலாகக் கருத வேண்டியதில்லை. கார்னாட் சென்னையில் உத்தியோகம் பார்த்து வாழ்ந்தவர், நாடகத்தின் ஆங்கில வடிவம் 1972-இல் சென்னை மியூசியம் தியேட்டரில் மெட்ராஸ் பிளேயர்ஸ் குழுவினரால் நடிக்கப்பட்டது. கதையின் வேரையோ நாம் பாட்டியிடமே கேட்டிருக்கிறோம். காளி கோயிலில் இரண்டு ஆடவர் தலையை வெட்டிக்கொள்ள, தேவி வரம் கொடுத்து, அவசரத்தில் பெண் தலைகளை மாற்றி ஒட்டிவிட, இப்போது அவளுக்குக் கணவன் யார் என்று வேதாளம் கேட்க, அங்கங்களுள் தலையே பிரதானம், ஆகவே கணவனின் தலையுள்ளவனே கணவன் என்று விக்கிரமாதித்தன் விடை சொன்ன கதை அது. கதாஸரித்ஸாகரத்தில் அந்த இருவர் அவள் கணவனும் அவள் உடன்பிறந்தவனும். ஜெர்மானிய ஆசிரியர் தாமஸ் மான் 1940-இல் அதைக் குறுநாவலாக எழுதியபோது கணவனும் நண்பனும் ஆனார்கள். புதிய தலை தன் விருப்பப்படி உடலை மெல்ல மெல்ல மாற்றிக்கொள்ளும் என்ற எண்ணத்தையும் மான் சேர்த்தார். கார்னாட் மானிடமிருந்து கதையை வாங்கிக்கொண்டு, கணபதி ஸ்துதி, பாகவதர், அரைத்திரை, முகமூடி, பேசும் பொம்மைகள் ஆகியவற்றோடு அதை மறுபடி நம் ஊர்க் கூத்தின் மேடையில் இறக்கினார். முழுமை தேடி அலையும் குதிரைத் தலை மனிதன் ஒருவனையும் கதைக்கு வெளியே நிறுத்தினார். ஆக, ஸம்ஸ்கிருதத்திலிருந்து ஜெர்மனுக்குப் போய்க் கன்னடத்துக்குத் திரும்பிய இந்தக் கதையே, ஒரு கலையின் தலையை இன்னொரு கலையின் உடலில் ஒட்டும் தொழிலுக்கு ஓர் உவமை ஆகிவிடுகிறது.

நாடகத்தில் எனக்கு மிகவும் பெரிதாகப் படுவது, தலை வென்றபிறகும் உடல் சும்மா இருப்பதில்லை என்று கார்னாட் காட்டும் இடம். காட்டில் தனித்து வாழும் கபிலனுக்கு, தனக்கு வந்து சேர்ந்த தேவதத்தனின் உடலில், தன் மனம் அறியாத ஸ்பரிசங்களின் நினைவு ஊறிக்கொண்டே இருக்கிறது. தலைக்குத் தெரியாத ஞாபகம் உடலுக்கு இருக்கிறது. விக்கிரமாதித்தன் சொன்ன விடை இங்கே கவிழ்ந்துவிடுகிறது. நாடகாசிரியன் ஒரு நாவலின் கதையைத் தலையாகவும், கூத்து என்னும் வடிவத்தை உடலாகவும் எடுத்துக்கொண்டு ஒட்டும்போது, தலை சொன்னபடியெல்லாம் உடல் கேட்கும் என்று எண்ணுகிறான். ஆனால் கூத்தின் உடலுக்குள்ளே இரவு முழுவதும் விழித்திருந்த ஜனங்களும், தாளத்தின் காலக்கணக்கும், தலைமுறை தலைமுறையாகக் காலில் ஏறிய அடவும் நினைவாகத் தங்கியிருக்கின்றன. அந்த நினைவுக்கு இடம் கொடுத்தால் தழுவல். அதை வெறும் சட்டையாக மாட்டிக்கொண்டால் நகல். இதுவே நான் கண்ட அளவுகோல்.

இந்த அளவுகோலைப் பி. வி. காரந்தர் விஷயத்தில் வைத்துப் பார்க்கலாம். அவர் ஹயவதனனைக் கன்னடத்திலும் ஹிந்தியிலும் இயக்கினார். 1979-இல் மாக்பெத்தை, ரகுவீர் ஸஹாயின் ஹிந்தி மொழிபெயர்ப்பைக் கொண்டு, ‘பர்ணம் வனம்’ என்ற பெயரில் யக்ஷகானத்தின் சாயலோடு மேடையேற்றினார். அவர் யக்ஷகானத்திலிருந்து முக்கியமாக எடுத்துக்கொண்டது வேஷத்தை அன்று, காலத்தை. ஒரு பாத்திரம் மேடைக்கு வருவதற்கு எத்தனை ஆவர்த்தம் ஆகவேண்டும், கோபம் வருவதற்குமுன் தாளம் எங்கே இறுகவேண்டும், எந்த இடத்தில் வாத்தியம் முழுக்க ஓய்ந்து நடிகனின் காலடி மட்டும் கேட்கவேண்டும் என்பவற்றை அவர் சங்கீதக்காரரின் செவியால் தீர்மானித்தார். நாடகத்துக்கு இசை சேர்த்தவர் என்று அவரைச் சொல்வது போதாது. இசையினாலேயே நாடகத்தைக் கட்டினார்.

அவரைப் பின்பற்றியவர்கள் எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. சங்கீத நாடக அகாதெமி 1984 முதல் இளம் இயக்குநர்களுக்குப் பொருளுதவி செய்து, கிராமியக் கலைகளை ஆதாரமாகக் கொண்டு நாடகம் செய்யத் தூண்டியபோது, நாடெங்கும் அரைத்திரைகளும் முகமூடிகளும் பெருகின. பத்து நாள் பயிற்சி முகாமில் கற்ற நாலு அடவைக்கொண்டு பத்து வருஷ அப்யாஸமுள்ள கலைஞனைப் போல மேடையில் சுழன்ற நடிகர்களைக் கண்டு, அக்கலையையே ஜீவனமாகக் கொண்டவர்கள் மனம் நொந்திருந்தால் அதில் வியப்பில்லை. தமிழ்நாட்டில் 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை இந்த விஷயத்தில் பொறுமையாக நடந்துகொண்டது என்று சொல்லவேண்டும். புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் கூத்தைக் கற்றுக்கொண்டவர்கள், அதை அப்படியே மேடையிற் காட்டுவதைவிட, நடிகனின் உடலைப் பக்குவப்படுத்தும் பயிற்சியாகவே பெரும்பாலும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

மைசூர் ரங்காயணத்துக்குத் திரும்புவோம். ஹுணசூர் சாலையில் கலாமந்திர வளாகத்துக்குள், மரங்களுக்கிடையே ‘வனரங்கம்’ என்ற திறந்தவெளி அரங்கையும் கொண்டு இயங்கும் இந்த ஸ்தாபனம், 2010-இல் குவெம்புவின் ‘மலெகளல்லி மதுமகளு’ நாவலை நாடகமாக்கியது. குவெம்பு (1904–1994) மைசூரிலேயே வாழ்ந்து, இந்நகரத்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். 1967-இல் வெளிவந்த இந்த நாவல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தீர்த்தஹள்ளிப் பக்கத்து மலைநாட்டில் நிகழ்வது; ஏறத்தாழ எழுநூறு பக்கம்; தனிக் கதாநாயகன் என்று யாருமில்லை. ஹெக்கடேக்களின் பெரிய வீடுகளும், அவர்களுக்கு உழைக்கும் குத்தி, திம்மி, ஐதன், பிஞ்சலு போன்றவர்களின் குடிசைகளும், விருப்பமில்லாத கல்யாணத்திலிருந்து இரவோடிரவாகக் காட்டுக்குள் தப்பியோடும் சின்னம்மாவும், குத்தியின் பின்னாலேயே அலையும் ஹுலியன் என்ற நாயும் சமமான கௌரவத்தோடு அங்கே இடம்பெறுகின்றன. உயர்ந்தது தாழ்ந்தது என்ற வரிசையை ஆசிரியர் முகப்பிலேயே மறுத்துவிடுகிறார்.

இத்தகைய நாவலை இரண்டரை மணி நேர நாடகமாகச் சுருக்கியிருந்தால், தொல்காப்பியர் சொன்ன முதல் வகை வழிநூலாகி, ஹுலியன் முதலில் வெட்டுப்பட்டிருப்பான். அவனுக்கு அடுத்தபடி ஐதனும் பிஞ்சலுவும். கே. ஒய். நாராயணஸ்வாமி நாடகப் பிரதியை ஆக்க, ஹம்சலேகா இசையமைக்க, சி. பசவலிங்கய்யா இயக்கிய அந்த நாடகம், சுருங்க மறுத்தது. இரவு தொடங்கி விடியும்வரை சுமார் ஒன்பது மணி நேரம் நடந்தது. நாடகத்துக்கு ஒரே மேடையுமில்லை. வளாகத்தில் நான்கு இடங்களில் காட்சிகள் அமைய, பார்க்க வந்தவர்கள் ஓரிடத்தில் எழுந்து, இருட்டில் நடந்து, அடுத்த இடத்தில் போய் அமர்ந்தார்கள். கதையை ஜோகிகள் பாடிச் சொல்லிக்கொண்டே போனார்கள்.

இங்கே எது எதிலிருந்து வந்தது என்று கவனிக்கவேண்டும். நாவலில் வாசகனின் மனம் சிம்பாவியிலிருந்து கோணூருக்கும், கோணூரிலிருந்து பெட்டள்ளிக்கும், ஒற்றையடிப் பாதை வழியாக நடந்துகொண்டே இருக்கிறது. குவெம்புவின் கதை சொல்லும் முறையே நடைதான், அவர் பாத்திரங்களும் நடந்துகொண்டே இருப்பவர்கள். அந்த நடையை நாடகம் பிரேக்ஷகரின் கால்களுக்கு மாற்றிக்கொடுத்தது. இரவெல்லாம் விழித்திருந்து ஆட்டம் பார்ப்பது கன்னட தேசத்துக்குப் புதிதன்று; வயலிலே நடக்கும் பயலாட்டத்தின் நெடுங்காலப் பழக்கம் அது. யக்ஷகானத்தின் வேஷத்தையும் மேடையையும் காட்டாமலே, அதன் உடலில் இருந்த இரவு என்ற ஞாபகத்தை நாடகம் மீட்டுக்கொண்டது. தலை நாவலுடையது, உடல் பயலாட்டத்தினுடையது, ஒட்டிய இடத்தில் வடு தெரியவில்லை. பின்னாளில் இதே நாடகம் பெங்களூர்க் கலாகிராமத்திலும் பல இரவுகள் நடைபெற்றது.

ஒன்பது மணி நேரம் என்றதும் பீட்டர் புரூக் 1985-இல் பிரான்ஸில் அவிஞோனுக்கருகே ஒரு கற்சுரங்கத்தில் நிகழ்த்திய மகாபாரதம் நினைவுக்கு வருவது இயல்பு. அதன் காட்சியழகை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இதிகாசத்தை அதை வாழ்ந்துவரும் ஜனங்களின் சூழலிலிருந்து பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று நாடக விமர்சகர் ருஸ்தம் பரூச்சா கடுமையாக எழுதினார். நான் அந்தக் கண்டனத்தை முழுவதும் ஏற்கத் தயங்குகிறேன். மகாபாரதம் எவருடைய பட்டாவிலும் இல்லை. இருந்தாலும் அந்த இரவு, அங்கே கூடியிருந்தவர்களின் உடலில் ஏற்கனவே இருந்த இரவு அன்று என்ற வேற்றுமை எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதே மகாபாரதத்தை மனிதக் கதையாக்கி எஸ். எல். பைரப்பா எழுதிய ‘பர்வ’வை (பாவண்ணன் மொழிபெயர்ப்பில் தமிழர்க்கு அது ‘பருவம்’) 2021-இல் பிரகாஷ் பெலவாடியின் இயக்கத்தில் ரங்காயணம் எட்டு மணி நேர நாடகமாகக் கொடுத்ததையும் இங்கே சொல்லவேண்டும். பாத்திரங்கள் தமக்குள்ளே பேசிக்கொள்ளும் மனவோட்டமே ஜீவனாக உள்ள நாவல் அது. வாய்விட்டுப் பேசும்போது மனவோட்டம் பிரசங்கமாகிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. அங்கே உடல் எது என்ற கேள்வியே இன்னும் கடினமானது.

மதுமகளு நாடகத்தில் இன்னொன்றும் உண்டு. அதை எந்தப் பிரதியிலும் எழுதிவைக்க முடியாது. சின்னம்மா இருளில் காட்டுவழியே ஓடும் இரவு நாவலில் அச்செழுத்தாக இருக்கிறது. வளாகத்தில் அந்த இரவு நிஜமாகவே இருந்தது. மரங்களும் நிஜமாக இருந்தன. குளிருக்குப் போர்வை போர்த்திக்கொண்டு, தூங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி ஜனங்கள் அடுத்த மேடையைத் தேடி மெல்ல நடந்தார்கள். கடைசிக் காட்சிக்கு எந்த விளக்குக்காரரும் ஏற்பாடு செய்யாத வெளிச்சம் கிழக்கே பரவிற்று. ஜோகிகளின் பாட்டோடு பறவைகளின் சப்தமும் கலக்கத் தொடங்கியபோது, வந்தவர்கள் எழுந்து ஹுணசூர் சாலைக்குப் போய் முதல் பஸ்ஸுக்காக நின்றார்கள்.